ஊரை இடிக்காமல் திருத்தச் சொன்ன பாட்ரிக் கெட்டிஸ்

தஞ்சாவூர்க் கோட்டைச் சந்துகளிலும், மதுரையிலும், முலுண்டை அடுத்த தாணாவிலும் கையில் வரைபடத்துடன் நடந்து திரிந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் உண்டு. தாடியும் கலைந்த தலைமுடியுமாக இருப்பார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பட்டம் எதுவும் பெறாதவர். ஆனால் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் அவர்தான். அவர் பெயர் பாட்ரிக் கெட்டிஸ்.

நகரத் திட்டம் படிப்பவர்கள் உலகம் முழுவதும் இன்று அவருடைய பெயரைச் சொல்கிறார்கள். பழைய கடைத்தெருவையும் பழைய குடியிருப்பையும் எப்படிச் சீர்திருத்துவது என்பதில் அவர் சொன்ன வழி எளிமையானது. அங்கே வாழும் ஆளையும் அவன் செய்யும் தொழிலையும் அங்கேயே வைத்துக்கொண்டு ஊரைத் திருத்து என்பதே அந்த வழி. தாராவியிலும் முலுண்டிலும் வீடு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

வங்கியில் குமாஸ்தா

1854 அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் கெட்டிஸ் பிறந்தார். தந்தை பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று பெர்த் என்ற ஊருக்கு அருகில் தோட்டம் சூழ்ந்த ஒரு வீட்டில் குடியேறினார். தோட்டத்தில் செடி நடுவதும் நீர் ஊற்றுவதும்தான் சிறுவன் பாட்ரிக்கின் முதல் பள்ளிக்கூடம்.

மகன் மாதச் சம்பளம் வரும் நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதற்கு இணங்கி பெர்த் வங்கியில் பயிற்சிக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சுமார் ஒன்றரை ஆண்டு பேரேடும் கணக்கும் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு உயிரியல் படிக்கக் கிளம்பினார்.

எடின்பரோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்து ஒரு வாரத்திலேயே வெளியேறினார். அங்கே செடியை உலர்த்தி ஒட்டிப் பெயர் எழுதச் சொன்னார்கள். இவருக்கு உயிருள்ள செடி வேண்டும். லண்டனுக்குச் சென்று, டார்வினின் கொள்கையை நாடெங்கும் பரப்பிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். தேர்வு எழுதிப் பட்டம் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றார். அங்கே நோய்வாய்ப்பட்டுக் கண் பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கட்டிய கண்களோடு கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்க்கும் வேலை இனி முடியாது என்றாகிவிட்டது. தாவர ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்திருக்க வேண்டியவர், செடியைப் பார்த்த கண்ணோடு ஊரைப் பார்க்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

சேரியில் குடிபோன தம்பதி

எடின்பரோ நகரில் கோட்டையிலிருந்து அரண்மனைக்கு இறங்கும் பழைய பெருவீதி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பிரபுவும் வியாபாரியும் தொழிலாளியும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் அங்கே வாழ்ந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கத்திலேயே புதிய நகரம் எழுந்தது. வசதி உள்ளவர்கள் அங்கே போய்விட்டார்கள். பணம் போனதும் கடைகள் போயின. பெரிய வீடுகள் தடுக்கப்பட்டு அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் நெருங்கி வாழ்ந்தார்கள். குடியும் காச நோயும் பெருகின. நகராட்சிக்குத் தெரிந்த மருந்து இடிப்பது ஒன்றுதான்.

1886-இல் கெட்டிஸ் ஆனா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகள், சங்கீதம் கற்றவர். மணமான சிறிது காலத்திலேயே இருவரும் புதிய நகரத்து வீட்டை விட்டு அந்தப் பழைய தெருவில் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் குடியேறினார்கள். உறவினரும் நண்பர்களும் திகைத்தார்கள்.

அங்கே போனதும் கெட்டிஸ் செய்த முதல் வேலை துடைப்பத்தைக் கையில் எடுத்தது. அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கினார். சுவருக்கு வெள்ளையடித்தார். சன்னல்களில் பூச்செடிப் பெட்டி வைத்தார்கள். ஆனா பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார். வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு நின்ற ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைப் பழுது பார்த்தார்கள்.

சுத்தம் மட்டும் போதாது, தெருவில் பணம் புழங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுப் பல்கலைக் கழக மாணவர்களுக்கு விடுதி ஆக்கினார். மாணவர் தாங்களே நடத்திக்கொண்ட விடுதிகள் அவை. கோட்டைக்கு அருகில் ராம்சே கார்டன் என்ற குடியிருப்பைக் கட்டிப் பேராசிரியர்களை அங்கே வரவழைத்தார். ஓடிப்போன படித்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். அவர்களோடு வாடகையும் வியாபாரமும் திரும்பின. ஏழைகளும் அதே தெருவில் இருந்தார்கள்.

1892-இல் அந்த வீதியிலேயே ஒரு பழைய கோபுரத்தை எடுத்து ஊரைக் காட்டும் கண்காட்சியாக மாற்றினார். உச்சியில் உள்ள கண்ணாடிக் கருவி நகரத்தின் காட்சியை இருட்டறையில் ஒரு மேசை மீது விழச் செய்யும். மேலேறி ஊரைப் பார். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கி நாட்டையும் உலகத்தையும் படி என்பது ஏற்பாடு. இன்றும் அங்கே பயணிகள் கூட்டம் குறையவில்லை.

இதற்கெல்லாம் பணம்? மனைவிக்குப் பிறந்த வீட்டில் வந்த சொத்தும் இதில் கரைந்தது. கணக்கு வைக்கும் குமாஸ்தா வேலையை விட்டு ஓடியவருக்குக் கணக்கு வரவில்லை. கடன் தலைக்கு மேல் ஏறியதும் 1896-இல் நண்பர்கள் ஒரு கம்பெனி அமைத்து அந்தக் கட்டடங்களை ஏற்றுக்கொண்டார்கள். 1888 முதல் டண்டி நகரக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் பேராசிரியர் பதவி இருந்தது. ஆண்டுக்கு மூன்று மாதம் பாடம் நடத்தினால் போதும். மீதி ஒன்பது மாதமும் ஊர் ஊராகச் சுற்றினார்.

சர்வே இல்லாமல் திட்டம் இல்லை

டன்ஃபர்ம்லின் என்பது ஸ்காட்லாந்தில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஒரு சிறிய ஊர். அங்கே பிறந்து அமெரிக்கா சென்று இரும்புத் தொழிலில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகி, பிறந்த ஊருக்கு 1903-இல் 5 லட்சம் பவுன் கொடுத்தார். அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கெட்டிஸையும் கேட்டார்கள். 1904-இல் அவர் ஒரு தடித்த புத்தகமே எழுதிக் கொடுத்தார். பூங்கா, சுத்தம் செய்த ஓடை, செப்பனிட்ட பழைய கட்டடங்கள், கைத்தொழில் கூடங்கள் என்று ஒரு சிறிய ஊர் தன் காலில் நிற்பதற்கான வழி அதில் இருந்தது. தரும நிதிக்காரர்கள் அதைப் படித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அவருடைய முறை அதில் உருவாகிவிட்டது. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியர் உண்டா? ஊருக்கும் அப்படியே. முதலில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர், எங்கே சந்தை, யார் என்ன தொழில் செய்கிறார்கள், எந்த வீடு காலி, எந்தச் சுவர் விழப்போகிறது என்று சர்வே எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் திட்டம். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய சூத்திரம். ஒன்றைப் பிரித்தால் மற்ற இரண்டும் கெடும்.

காஞ்சிபுரத்து நெசவாளியை எடுத்துக்கொண்டால் இது புரியும். தறி வீட்டுக்குள் இருக்கிறது. பாவை நீட்டிக் கஞ்சி போட நேரான தெரு வேண்டும். சாயக்காரர் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அவரை ஐந்து மைல் தள்ளி மாடி வீட்டில் குடிவைத்தால் வீடு கிடைக்கும், தொழில் போய்விடும்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

உலக நகரங்களின் படங்களும் வரைபடங்களும் கொண்ட ஒரு கண்காட்சியை 1911 முதல் அவர் ஐரோப்பிய ஊர்களில் நடத்திவந்தார். 1913-இல் பெல்ஜியத்தில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. அப்போது சென்னை மாகாணக் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, கண்காட்சியோடு வரும்படி அவரை அழைத்தார்.

1914-இல் மகன் அலஸ்டேருடன் கெட்டிஸ் கப்பல் ஏறினார். முதல் உலகப் போர் மூண்டிருந்தது. கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற வேறொரு கப்பலில் வந்தன. செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் அக்டோபரில் அதை அரபிக் கடலில் மூழ்கடித்தது. தமிழ்நாட்டில் பொல்லாத ஆளை எம்டன் என்று சொல்லும் வழக்கத்தை உண்டாக்கிய கப்பல், கெட்டிஸின் பல ஆண்டு உழைப்பையும் கடலில் தள்ளிவிட்டது.

அவர் இடிந்து உட்காரவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரமாகப் புதுப் படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

தஞ்சையில் கண்ட வழி

பிறகு மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். வெயிலில் நடந்தே பார்த்தார். 1915-லேயே அந்த ஊர்களைப் பற்றிய அறிக்கைகளும், பம்பாய் மாகாண ஊர்களைப் பற்றிய அறிக்கைகளும் வெளியாயின.

கோயில் நகரங்கள் அவரை வியப்பில் ஆழ்த்தின. மேல்நாட்டு என்ஜினீயர்களுக்கு மதுரையும் காஞ்சியும் நெரிசலாகத் தெரிந்தன. கெட்டிஸுக்கு அங்கே பழுத்த நகரத் திட்டம் தெரிந்தது. தேர் ஓட வேண்டும் என்பதால் ரத வீதிகள் அகலமாக விடப்பட்டன; யாரும் திண்ணையை முன்னே தள்ள முடியவில்லை. திருவிழாதோறும் வீதி சுத்தமாயிற்று. தெப்பக்குளம் ஊருக்கு நீரும் குளிர்ச்சியும் கொடுத்தது. கொசுவுக்குப் பயந்து குளங்களை மூட வேண்டும் என்ற பேச்சு எழுந்த காலம் அது. மீனை விடுங்கள், அது கொசுப் புழுவைத் தின்னும். குளத்தை மூடாதீர்கள் என்பது பல ஊர்களில் அவர் சொன்ன யோசனை.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெருக்கமான சந்துகளுக்கு நடுவே நேர்கோடாகப் புதுத் தெருக்களை வெட்ட ஒரு திட்டம் தயாராக இருந்தது. வழியில் உள்ள வீடுகள் எல்லாம் போக வேண்டியதுதான். கெட்டிஸ் அதே சந்துகளில் நடந்தார். இடிந்து கிடந்த மனைகள், காலி இடங்கள், யாரும் குடியில்லாத பாழ் வீடுகள் எத்தனை என்று குறித்தார். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தாலே காற்றும் வெளிச்சமும் வரும். சிறு சிறு திறந்த வெளிகள் கிடைக்கும். அங்கே மரம் நடலாம். திருத்தவே முடியாத சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும் என்று காட்டினார். செலவு, முதல் திட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்.

காலை வெட்டாமல் புண்ணை மட்டும் ஆற்றும் வைத்தியம் இது. உறுப்பைக் காக்கும் அறுவைச் சிகிச்சை என்ற கருத்தில் இதற்கு அவரே ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயர் நகரத் திட்ட நூல்களில் இன்றும் நிற்கிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. வீட்டை இடித்தால் நகராட்சி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் வரி வருமானமும் போகும். வெளியேற்றப்பட்ட ஏழை காட்டுக்குப் போவதில்லை. அடுத்த சந்தில் இன்னொரு குடும்பத்தோடு நெருங்கிக்கொள்வான். ஒரு தெருவின் நெரிசல் இன்னொரு தெருவுக்கு மாறும், அவ்வளவுதான். பலகாரக் கடைக்காரரும் தட்டாரும் தங்கள் வாடிக்கையை இழப்பார்கள். கடன் சொல்லி அரிசி கொடுத்த மளிகைக் கடையும் இராது.

இந்தூரில் ஒரு தீபாவளி

இந்தூர் சமஸ்தானத்தில் பிளேக் பரவியிருந்தது. மகாராஜா கெட்டிஸை அழைத்தார். வரைபடத்துடன் தெருத்தெருவாகச் சென்றவரைக் கண்டு மக்கள் கதவை அடைத்தார்கள். வீட்டை இடிக்க வந்த துரை என்ற பயம். பிளேக்கைக் கொண்டுவருபவரே இவர்தான் என்றும் பேசிக்கொண்டார்கள்.

கெட்டிஸ் ஒரு யோசனை செய்தார். தீபாவளிக்கு வழக்கமாக ஓர் ஊர்வலம் போகும். இந்த ஆண்டு எந்தத் தெருவில் வீடுகள் மிகுதியாகச் சுத்தம் செய்து பழுது பார்க்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் என்று அறிவிக்கச் செய்தார். ஊர் முழுவதும் போட்டி போட்டுக்கொண்டு வெள்ளையடித்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. எலிப்பொறி வைத்தார்கள்.

ஊர்வலத்தில் யானையும் குதிரையும் வந்தன. அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் உருவமாக வந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் புதுத் தலைப்பாகையும் அணிந்து, பூச்சுற்றிய துடைப்பங்களுடன் மரியாதையாக நடந்தார்கள். இறுதியில் அரக்கனைக் கொளுத்தினார்கள். வீட்டுக்கு வைத்துக்கொள்ளத் துளசிச் செடிகள் வழங்கினார்கள். துரையைக் கண்டு ஒளிந்தவர்கள் அதற்குப் பிறகு அவரை வாழ்த்தினார்கள். 1918-இல் வெளிவந்த அவருடைய இந்தூர் அறிக்கை இரண்டு பாகம் கொண்டது.

அதற்கு முந்திய ஆண்டு அவருக்குப் பேரிடியாக இருந்தது. 1917-இல் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அப்போது ஆனா இந்தியாவில் கடும் நோயில் கிடந்தார். செய்தியை மனைவியிடம் சொல்லக் கெட்டிஸுக்கு மனம் வரவில்லை. மகனின் பழைய கடிதங்களையே படித்துக் காட்டினார். சில வாரங்களில் ஆனாவும் மறைந்தார். எடின்பரோ சேரிக்கு அவரோடு குடிபோன துணை போனபின்பும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

பம்பாய்ப் பேராசிரியர்

1919-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியது. கெட்டிஸ் அதன் தலைவரானார். 1924 வரை அந்தப் பதவியில் இருந்தார். இந்தியச் சமூகவியலின் தந்தை என்று பின்னாளில் பெயர் பெற்ற ஜி.எஸ்.குர்யே, அவர் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்கு அனுப்பியவர். கெட்டிஸுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவரும் குர்யேதான்.

அன்றைய பம்பாய் அவருடைய கொள்கைக்கு நேர் எதிரான பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1896 பிளேக்குக்குப் பிறகு 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் அகலமான சாலைகளைத் திறந்தது. தாதர், மாட்டுங்கா மனைகளை அமைத்தது. தமிழ்க் குமாஸ்தாக்கள் பின்னர் குடியேறிய மாட்டுங்கா அப்படி உருவானதுதான். ஆனால் மில் தொழிலாளர் பகுதிகளில் டிரஸ்ட் இடித்த அறைகளுக்கு ஈடாகப் புதிய அறைகள் எழவில்லை.

1920-இல் தொடங்கிய பம்பாய் வளர்ச்சி இலாகா வர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் சிமென்ட் சால்களைக் கட்டியது. 50,000 அறை என்று கிளம்பிய திட்டம் சுமார் 16,000 அறையோடு நின்றது. அறைக்கு 160 சதுர அடி. மனிதனைச் சரக்குப் போல் அடுக்கும் கிடங்கு என்றுதான் இத்தகைய சால்களைக் கெட்டிஸ் கருதினார். தொழிலாளிக்கு முற்றமும் மரமும் உள்ள வீடு வேண்டும் என்று வாதாடினார். பணம் போட்டவர்கள் கேட்கவில்லை.

அவர் பம்பாயில் இருந்த காலத்தில்தான், 1922-இல், முலுண்டுக்கும் திட்டம் வரையப்பட்டது. ஸ்டேஷனிலிருந்து பாஞ்ச் ராஸ்தா வரை கட்டம் கட்டமாக இன்று காணும் தெருக்கள் அந்தத் திட்டத்தில் வந்தவை. அதை வரைந்தவர்கள் கிரவுன் அண்டு கார்ட்டர் என்ற கட்டடக் கலைஞர்கள். கெட்டிஸுக்கு அதில் பங்கில்லை. வெற்று நிலத்தில் புதுப் புறநகர் எழுப்பக் கோடு போட்டால் போதும். மக்கள் ஏற்கெனவே வாழும் இடத்தில் அது போதாது என்பதுதான் கெட்டிஸின் கேள்வி எல்லாம்.

குறைகளும் அவரிடம் இருந்தன. வகுப்பில் மீசைக்குள்ளேயே பேசுவார். பின் வரிசைக்குக் கேட்காது. அறிக்கைகள் நீளமானவை. பொறுமையாகப் படித்த அதிகாரிகள் குறைவு. இந்தியாவில் அவர் எழுதியவற்றில் நிறைவேறியது கொஞ்சமே. 1925-இல் அவர் டெல் அவிவ் நகருக்குக் கொடுத்த திட்டம் மட்டும் பெருமளவு நிறைவேறி, அந்த நகரத்தின் உருவமாக இன்றும் இருக்கிறது.

உடல்நலம் குன்றி 1924-இல் பிரான்சில் மான்பெல்லியர் சென்று கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1932-இல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் அங்கேயே காலமானார். வயது 77. அவருடைய இந்திய அறிக்கைகளின் முக்கியப் பகுதிகள் 1947-இல் லண்டனில் நூலாக வந்தன. இந்தியாவுக்காக எழுதியதை உலகம் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகே.

இன்றைக்கும் அதே கேள்வி

தாராவியை மாற்றி அமைக்கும் வேலை இப்போது நடைபெறுகிறது. தோல் பதனிடவும், மண்பாண்டம் செய்யவும், இட்லி விற்கவும், தையல் தைக்கவும் திருநெல்வேலியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் அது. தகுதி பெற்றவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்றும், மற்றவர்களுக்கு வெளியே வீடு என்றும் திட்டம் சொல்கிறது. அதற்காக காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பளங்களில் சுமார் 256 ஏக்கரை ஒதுக்க 2024-இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முலுண்டுவாசிகளுக்கு ரயிலும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் போதுமா என்ற கவலை. தாராவிக்காரருக்கு வாடிக்கையை விட்டு எப்படிப் பிழைப்பது என்ற கவலை. இரண்டுமே நியாயமானவை.

கெட்டிஸ் எழுதிய அறிக்கைகளில் இதற்கு ஆயத்த விடை இல்லை. தஞ்சாவூர்ச் சந்து வேறு, பத்து லட்சம் பேர் நெருங்கிய தாராவி வேறு. சாக்கடையும் கழிப்பறையும் இல்லாத இடத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னவரும் அல்ல அவர். ஆனால் அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் இருக்கின்றன. வீடு வீடாக நடந்து பார்த்தாயிற்றா? மாடிப்படியின் கீழே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவனின் தொழில் கணக்கில் வந்ததா? திருத்தி வைத்துக்கொள்ளக் கூடியதையும் இடிக்கிறோமா? போகச் சொல்லும் இடத்தில் நடந்துபோகும் தூரத்தில் வேலை உண்டா?

சர்வேக்காரர் கதவைத் தட்டும்போது வீட்டின் அளவோடு தொழிலின் விவரத்தையும் எழுதிக்கொள்ளும்படி கேட்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது. இடம், தொழில், மக்கள் மூன்றும் ஒரே காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கெட்டிஸ் ஆயுள் முழுவதும் சொல்லிவந்த பாடம்.